கேமராவிலேயே மேலெழும் பாப்-அப் ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்சுவரில் கறுப்பாக நிழல் விழுகிறது. ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் உதவுமா?

உதவும், ஆனால் எல்லா டிஃப்யூசரும் அல்ல. ஒளி வரும் பரப்பு ஆளின் பக்கமிருந்து பார்க்கப் பெரிதானால்தான் நிழல் மென்மையாகும். ஃபிளாஷ் முகப்பிலேயே டிஷ்யூ பேப்பரை ஒட்டினால் பரப்பு மாறாது. வெளிச்சம்தான் குறையும், நிழலின் விளிம்பு கத்தி மாதிரி அப்படியே இருக்கும்.

15 × 10 செ.மீ. அளவுக்கு ட்ரேசிங் பேப்பரை வெட்டி, ஃபிளாஷுக்கு 5 முதல் 8 செ.மீ. முன்னால் வில்லாக வளைத்து நிறுத்துங்கள். கீழ் விளிம்பு லென்ஸுக்கு மேலேயே இருக்கட்டும். இறங்கினால் ஒளி லென்ஸுக்குள் சிதறிப் படம் வெளிறிவிடும். ஒன்று, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 200-லிருந்து 400 அல்லது 800 ஆக்குங்கள், இல்லையென்றால் ஆளை நெருங்குங்கள்: தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்கு, பரப்பும் பெரிதாகத் தெரியும். தாள் மஞ்சளடித்திருந்தால் தோலும் மஞ்சளாகும், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் திருத்துங்கள்.

கேமரா மேல் பொருத்தும் தனி ஃபிளாஷ் இருந்தால், கடையில் விற்கும் வெள்ளை பிளாஸ்டிக் மூடியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அது அறைக்குள் சுவரிலும் கூரையிலும் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் வேலை செய்கிறது; திறந்த வெளியில் பேட்டரிக்குத்தான் கேடு. ஃபிளாஷின் தலையை வெள்ளைக் கூரை நோக்கித் திருப்பி, பின்புறம் ஒரு வெள்ளை ஃபோம் ஷீட்டை ரப்பர் பேண்டால் கட்டினாலே போதும். கண்ணுக்கடியில் விழும் குழிநிழலை அந்த ஷீட் நிரப்பும். கூரைக்கு வண்ணமடித்திருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

தாளோ துணியோ, ஃபிளாஷ் முகப்பை ஒட்டி வைத்து முழு பவரில் அடுத்தடுத்து அடிக்காதீர்கள். சூட்டில் கருகும்.