மோட்டார் ஓடும்போது மட்டும் ஃப்ளோ மீட்டர் அளவு 0 ஆவது குறித்து

கோளாறு இணையத்தில் இல்லை. மீட்டரிலிருந்து, அளவை இணையத்துக்கு அனுப்பும் கருவியான கேட்வேக்கு வரும் ஆர்எஸ்-485 என்ற சிக்னல் கேபிளில்தான் இருக்க வேண்டும். கடலூர் சிப்காட்டில் உள்ள உங்கள் ஆலையில், பம்ப் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி ஓடத் தொடங்கியதும் டாஷ்போர்டில் அளவு 0 ஆகி, அது நின்றதும் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். சிம் கார்டை மாற்றச் சொன்னவர் இதைக் கவனிக்கவில்லை போலும்.

மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே ட்ரேயில் சென்றால், விஎஃப்டி எழுப்பும் மின்னிரைச்சல், மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் மீட்டர் அனுப்பும் பதிலைச் சிதைத்துவிடும். பதில் வராதபோது சில கேட்வேக்கள் பழைய அளவை வைத்திருக்காமல் 0 என்று எழுதிவிடுகின்றன.

எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சிக்னல் கேபிளின் ஏ, பி கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரு கடைசியிலும் 120 ஓம் மின்தடை இருந்தால் ஏறத்தாழ 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் அது இல்லை. கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டு ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். கடற்காற்றில் டெர்மினல் திருகுகளில் பச்சை படிந்திருந்தால், கம்பியின் நுனியை வெட்டிப் புதிதாக முறுக்குங்கள்.

விஎஃப்டியின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் நின்ற பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், கையேட்டில் குறித்த நேரம் கழியாமல் அதன் மூடியைத் திறக்க வேண்டாம்.

ரூட்டரில் மோட்பஸுக்கான 502 போர்ட்டை வெளியே திறந்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். 1979இல் வந்த மோட்பஸில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. அந்தப் போர்ட்டை இன்றே மூடிவிட்டு, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகப் பாருங்கள்.