நகையை வைத்து சிப்பர் வாங்கலாமா?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எனக்கு 9 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு ஆறேழு வருடமாக உழவில்லை. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. மனைவி பெயரில் 3 ஏக்கர் தென்னை, 210 மரம். 45 எச்.பி. டிராக்டர் வைத்திருக்கிறேன், தவணை இன்னும் 2 வருடம் பாக்கி. டிராக்டரில் மாட்டி ஓட்டும் மர சிப்பருக்கு 2,80,000 ரூபாய் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். 6 அங்குல மரம் வரை அரைக்குமாம். எங்கள் பக்கத்தில் டீசல், ஆள் உட்பட மணிக்கு 1,200 ரூபாய் வாடகை ஓடுகிறது. முள்ளையும் அழித்துவிடலாம், வாடகைக்கும் ஓட்டலாம் என்று ஒரு எண்ணம். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம். முள்ளுக்காகவும் சிப்பர் வாங்க வேண்டாம். தென்னைக்காக வாங்கலாம், ஆனால் இப்போது அல்ல. மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலில் முள். சிப்பர் என்பது வெட்டிப் போட்டதை அரைக்கிற மெஷின், அவ்வளவுதான். நிலத்தை அது சுத்தம் செய்யாது. சீமைக்கருவேலத்தை அடியோடு வெட்டினாலும் தூரிலிருந்து நாலைந்து கிளையாக வெடித்து வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தூரைத் தோண்டி எடுக்க ஜே.சி.பி.யோ டோசரோதான் வர வேண்டும். 2,80,000 ரூபாயை சிப்பரில் போட்டுவிட்டு, தூர் எடுக்கக் காசில்லாமல் நின்றால், இரண்டு மழைக்குப் பிறகு அதே காடு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இன்னொன்று, அந்த முள்ளுக்கு விலை உண்டு. கரி மூட்டம் போடுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், விறகு லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கை கனத்துக்கு மேல் உள்ள கட்டையை சிப்பருக்குள் தள்ளுவது, விற்கிற பொருளை டீசல் போட்டு அரைத்துத் தரையில் கொட்டுவதுதான். வெட்டுகிற வியாபாரியிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல் டன் கணக்கில் பேசுங்கள். எடை மேடை ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். தூரையும் அவரே எடுத்துத் தருவதாக இருந்தால் விலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இல்லையென்றால் கட்டை விற்ற காசை அப்படியே தூர் எடுக்க ஒதுக்குங்கள். வேளாண் பொறியியல் துறை டோசரையும் மண் அள்ளும் இயந்திரத்தையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம்.

மிச்சமாகும் மிலாறை, அதாவது சிறு கிளைகளை மட்டும் அரைக்கலாமே என்பீர்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் வாடகை சிப்பர் போதும். காய் தொங்குகிற கிளையை அரைத்து வயலில் பரப்பிவிடாதீர்கள், விதையை நீங்களே விதைத்தது போல ஆகிவிடும். டிராக்டரை அந்த முள்ளுக்குள் ஓட்டினால் டயர் என்ன பாடுபடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரே ஒரு முறை செய்யப்போகிற வேலைக்கு மெஷின் வாங்கினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவரின் கொட்டகையில் இப்படி ஒரு சிப்பர் நிற்கிறது. அதன் வாய்க்குள் கோழி அடை கிடக்கிறது. பெயிண்ட்கூட உரியவில்லை.

சரி, தென்னைக்கு வருவோம். அங்கேதான் ஆண்டுதோறும் வேலை இருக்கிறது. ஒரு மரம் வருடத்துக்கு ஏறக்குறைய 12 மட்டை தள்ளும். 210 மரத்துக்கு 2,500 மட்டை. மணிக்கு அறுபது மட்டை போட்டால் சுமார் 40 மணி நேர வேலை. கீற்று முடைய, விளக்குமாற்றுக் குச்சி சீவ என்று போவதைக் கழித்தால் இன்னும் குறையும், அதை விடுங்கள்.

இப்போது மெஷினின் செலவு. 2,80,000 ரூபாய்க்கு வாங்கி 8 வருடம் ஓட்டி, கடைசியில் 60,000 ரூபாய்க்கு விற்பதாக வைப்போம். தேய்மானம் வருடத்துக்கு 27,500. போட்ட பணத்துக்கு வட்டி, சராசரி 1,70,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால், 17,000. ஆக, மெஷின் சும்மா நின்றாலும் வருடம் 44,500 ரூபாய் போகும். ஓடினால், மணிக்கு 4 லிட்டர் டீசல், இரண்டு ஆள் கூலி, பிளேடு சாணை, பெல்ட் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் என்று வையுங்கள். 1,200 ரூபாய் வாடகையில் 700 போனால் மணிக்கு 500 மிச்சம். 44,500-ஐ 500-ஆல் வகுத்தால் 89 மணி. அதாவது வருடத்துக்கு 89 மணி நேரம் ஓடினால்தான் கையைக் கடிக்காது. உங்கள் சொந்த வேலை 40 மணி. மீதி 49 மணி வெளியில் ஓட வேண்டும். நாளுக்கு 6 மணி என்றால் எட்டு நாளுக்கு மேல்.

எட்டு நாள்தானே என்று தோன்றும். ஒரு தாளை எடுத்து, அந்த எட்டு நாள் வேலையைத் தரப்போகிற தோப்புக்காரர்கள் பெயரை எழுதிப் பாருங்கள். சொந்தக்காரர்களையும், 'அறுவடை முடிந்ததும் தருகிறேன்' என்கிறவர்களையும் அடித்துவிடுங்கள். எத்தனை பெயர் மிஞ்சுகிறது?

மானியம் கிடைத்தால் இந்தக் கணக்கே மாறும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுப் பிரிவு விவசாயிக்கு 40 சதவீதமும், சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு தனி. உங்கள் தோப்புப் பட்டா உங்கள் மனைவி பெயரில்தானே இருக்கிறது, அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு லட்சம் குறைந்தால்கூட வருடச் செலவு 27,000-க்கு இறங்கிவிடும். அப்போது 54 மணி ஓடினால் போதும். சொந்த வேலை போக இரண்டு மூன்று நாள் வெளிவேலைதான்.

ஆனால் துறை அங்கீகரித்த மாடலாக இருக்க வேண்டும், விண்ணப்பம் முதலில், கொள்முதல் பிறகு. 'முதலில் மெஷினை எடுங்கள் அண்ணாச்சி, மானியத்தை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று டீலர் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நகைக் கடன் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வட்டி மட்டும் காரணமில்லை. அது பெரும்பாலும் ஓராண்டில் அசலும் வட்டியுமாகத் திருப்ப வேண்டிய கடன். எட்டு வருடத்தில் மெல்ல மெல்லக் காசு தருகிற மெஷினுக்கு ஓராண்டுக் கடன் பொருந்தாது. வருடா வருடம் மாற்றி வைத்துக்கொண்டே போவீர்கள். போதாக்குறைக்கு டிராக்டர் தவணை வேறு ஓடுகிறது. அது முடிகிற இரண்டு வருடத்துக்கு மாதம் 5,000 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் 1,20,000 சேரும். மானியம் போக மீதியில் பெரும்பகுதி அதுவே. குறைகிற தொகைக்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கருவிக்கான தவணைக் கடன் கேளுங்கள்.

அதுவரை தோப்பில் வாடகை சிப்பரை வைத்து ஓட்டுங்கள். ஒரு நோட்டில் தேதி, மணி, எத்தனை மட்டை, எத்தனை முறை அடைத்தது என்று எழுதுங்கள். இரண்டு வருட நோட்டு கையில் இருந்தால் என்னிடம் கேட்கவே தேவையிருக்காது. வெளியில் ஓட்டத் தொடங்கினால் அந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானம். டிராக்டர் இன்சூரன்ஸ் பாலிசியில் சொந்த விவசாயத்துக்கு மட்டும் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்குகிற நாள் வரும்போது சில விஷயங்கள். 45 எச்.பி. என்பது என்ஜின் கணக்கு, பின்னால் மாட்டுகிற கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது ஏறக்குறைய 38. மெஷின் கேட்கிற சக்தி அதற்குள் இருக்க வேண்டும், தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது. '6 அங்குலம்' என்று அவர்கள் சொல்வது வாயின் அளவு. நாள் முழுக்க 6 அங்குலக் கட்டையைத் தின்னும் என்று அர்த்தமில்லை. அதைவிட முக்கியம், தென்னை மட்டை நார். வட்டு வேகமாகச் சுற்றிக் கட்டையைச் சீவுகிற சிப்பரில் அந்த நார் தண்டைச் சுற்றி, கயிறு திரித்த மாதிரி இறுகிக்கொள்ளும். மட்டைக்கென்றே செய்த, சுத்தியலும் பிளேடும் சேர்ந்த மெஷின் வேறு. நீங்கள் கொட்டேஷன் வாங்கியது எது என்று கேளுங்கள்.

ஒரு முறை டெமோ பார்க்கப் போயிருந்தேன். டீலர் கட்டு கட்டாக முருங்கைக் கிளையை உள்ளே விட்டார். மெஷின் பாட்டுப் பாடியது. முருங்கையை என் பேரன் கையாலேயே ஒடிப்பான். நான் பக்கத்துத் தோப்பிலிருந்து காய்ந்த மட்டை நாலைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றாவது மட்டையில் நின்றது. நாரை அறுத்தெடுக்க அரிவாளோடு முக்கால் மணி நேரம் போராடினார்கள். நீங்களும் உங்கள் மட்டையையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள், பச்சை பாதி, காய்ந்தது பாதி.

அரைத்த தூளைக் குவியலாக விடாமல் வட்டப்பாத்தியில் மெல்லிசாகப் பரப்புங்கள். மக்குகிற குவியல் என்றால் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அப்புறம், பி.டி.ஓ. தண்டுக்கு மேல்மூடி இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். மட்டை தூக்கிப் போட வருகிற பெண்கள் சேலையில்தான் வருவார்கள்.