வீட்டோடு இருக்கும் அம்மா, குழந்தையையும் பார்த்துக்கொண்டு தன் கலையையும் விடாமல் வைத்திருப்பது எப்படி?

கேள்வியைவிட, அதன் கீழே நீங்கள் எழுதியிருந்த வரிகள்தான் என்னை இழுத்தன. "முன்பு தினமும் வரைவேன். இப்போது வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன். குழந்தை தூங்கும்போது உட்கார்ந்தாலும் எதுவும் வருவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினால் சரியாக வரும்?" குழந்தையின் வயதை நீங்கள் சொல்லவில்லை. ஒன்றரை வயதுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதைத் தாண்டியவர்கள் 'குழந்தை தூங்கும்போது' என்பதை இவ்வளவு நம்பி எழுத மாட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயது வாக்கில் பகலில் இரண்டு தூக்கத்தை ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் அந்த ஒன்றும் போய்விடும். நாம் ஒரு அட்டவணைக்குப் பழகி முடிக்கும்போது அட்டவணையே மாறியிருக்கும்.

எனக்கு இரண்டு பேர். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. மகள் பிறந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். அதற்கு முன் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன், எல்லாம் வாட்டர்கலர். வேலைக்கும் போய், பிள்ளையையும் வளர்த்து, கலையையும் காப்பாற்றும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது உனக்கென்ன குறை என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். அவர்கள் பாடு என் பாட்டைவிடப் பெரிது என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி வீட்டோடு இருக்கும் அம்மாவைப் பற்றியது, எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

மகளுக்கு இரண்டு வயதானபோது, முன்பு எனக்கு வேலை தந்த ஒருவர் மறுபடியும் கூப்பிட்டார். காட்டு விலங்குகள் பற்றிய சிறுவர் புத்தகம், பன்னிரண்டு படம், ஆறு வாரம். போனை வைத்ததும் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். மகள் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவாள். ஆறு வாரத்துக்கு 42 நாள், 84 மணி நேரம். ஒரு படத்துக்கு ஏழு மணி நேரம். தாராளம்! முன்பெல்லாம் ஒரு படத்தை ஐந்து மணி நேரத்தில் முடித்தவள் நான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

முதல் மதியம் பலகையில் தாளை டேப் போட்டு ஒட்டி, இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து வைத்து, பேலட்டில் கலர் பிதுக்கி முடிப்பதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அப்புறம் கால் மணி நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து பால், பாத்திரம், ஈரத்துணி என்று ஓடிய தலை, உட்கார்ந்த உடனே வரைய வேண்டிய முயலிடம் வந்துவிடுமா? மீதி நேரம் பூராவும் ஒரு காது படுக்கையறைக் கதவில் இருந்தது. அவள் புரண்டு படுத்தால் பிரஷ் நின்றுவிடும். இருமினால் இதயமே நின்றுவிடும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, முயலுக்குப் பின்னால் அந்தி வானம் போட உட்கார்ந்தேன். வெட் ஆன் வெட். தாளைச் சுத்தத் தண்ணீரால் நனைத்து, அந்த ஈரத்திலேயே நிறத்தை விடுவது. அது தானாகப் பரவி, விளிம்பு தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஆனால் தாளின் மேல் இருக்கும் பளபளப்பு மங்குவதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள்தான். பாதி வானத்தில் அவள் எழுந்து அழுதாள்.

அவளைச் சமாதானப்படுத்தி, உடை மாற்றித் திரும்பி வந்தபோது இடது பக்கம் காய்ந்து கோடு விழுந்திருந்தது. வலது பக்கம் அரை ஈரம். அப்படியே விட்டிருக்கலாம். சரிபண்ணலாம் என்று தண்ணீர் தொட்ட பிரஷ்ஷை வைத்தேன். அரைகுறையாகக் காய்ந்த வாஷில், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சில், புதுத் தண்ணீர் விழுந்தால், அது அங்கிருக்கும் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடும். திட்டுத் திட்டாக ஒரு கறை விரியும். காலிஃபிளவர் என்றே அதற்குப் பெயர். முயலின் தலைக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று விரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகள் பக்கத்தில் வந்து, ஈரமாக இருந்த முயலின் காதை ஒற்றை விரலால் தொட்டாள். விரலை முகர்ந்து பார்த்தாள். என் மடியில் துடைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. வானம் கெட்டதற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. நான் கத்திய கத்தலில் அவள் அழக்கூட இல்லை, அந்த விரலை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

நான்கு வாரத்தில் மூன்று படம் முடித்திருந்தேன். வேலை தந்தவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். வேறொருவர் வரைந்து புத்தகம் வந்தது. வாங்கிப் பார்த்தேன். அவருடைய முயல் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வயிற்றெரிச்சல் என்பார்கள்.

அதன் பிறகு ஒரு வருடம் எதையும் தொடவில்லை. நேரம் போதவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்களைப் போலவே. புத்தி வந்தது ஒரு பழைய பெட்டியால். படித்த காலத்தில் வாங்கிய குவாஷ் வண்ணங்கள். பேலட்டில் கல்லாகக் காய்ந்து கிடந்தன. தூக்கிப் போடும் முன் சும்மா ஈர விரலை வைத்துத் தேய்த்தேன். நீலம் அப்படியே விரலோடு வந்தது. அந்தக் கலரை நான் கடைசியாகத் தொட்டு ஒன்பது வருடம் இருக்கும்.

நான் சொல்ல வருவது இந்த இடம்தான். நம் நாளில் இரண்டு மணி நேரம் என்று ஒன்று கிடையாது, பத்து நிமிடத் துண்டுகள் பன்னிரண்டு உண்டு. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நான் 84 மணி நேரக் கணக்குப் போட்டேன். பாதியில் விட்டுவிட்டு எழுந்தால் கெட்டுப்போகாத வேலையாக இருந்தால் பத்து நிமிடமும் பயன்படும். கெட்டுப்போகும் வேலையாக இருந்தால் ஒரு மணி நேரம் கிடைத்தும் பயமாகத்தான் இருக்கும். குவாஷும் தண்ணீர் வண்ணம்தான், ஆனால் ஒளி ஊடுருவாது. தப்பாகிவிட்டால் காய்ந்த பின் மேலேயே பூசி மறைக்கலாம், இருட்டின் மேல் வெளிச்சம் வைக்கலாம், பேலட்டில் காய்ந்ததை மறுநாள் நனைத்து எடுக்கலாம். அக்ரிலிக் அப்படி இல்லை. காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். பிரஷ்ஷைக் கழுவாமல் குழந்தையிடம் ஓடினீர்கள் என்றால் பிரஷ் போச்சு. ஆயில் காய நாள்கணக்கில் ஆகும், அது ஒருவகையில் நமக்கு வசதிதான். ஆனால் ஆயிலைக் கரைக்கும் டர்பன்டைனின் ஆவியைத் தவழும் குழந்தை இருக்கும் அறையில் நான் வைக்க மாட்டேன். இன்னொன்று, நீங்கள் எந்த வண்ணம் எடுத்தாலும் காட்மியம், கோபால்ட் என்று நச்சு உலோகங்களின் பெயர் டியூபில் போட்டிருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். காட்மியம் ரெட் ஹியூ என்று 'ஹியூ' சேர்த்து எழுதியிருந்தால் அது காட்மியம் இல்லாத மாற்று, எங்கள் வீட்டில் அதுதான். பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள்.

வாட்டர்கலர்தான் உசத்தி, குவாஷ் என்பது குழந்தை விளையாட்டு என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. நானே அந்தக் கூட்டத்தில் இருந்தவள். சரி, அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவாவைப் பாருங்கள். ஆறு குழந்தைகளின் அம்மா. 1947இல் மெக்சிகோ போனபோது அங்கே கம்பியில் கூடை பின்னுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதே பின்னலில் தொங்கும் சிற்பங்கள் செய்தார். வீட்டிலேயே, குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருக்க அவர் கம்பி பின்னும் புகைப்படங்கள் இருக்கின்றன. ஒரு கண்ணி, அடுத்த கண்ணி, பிள்ளை கூப்பிட்டால் அப்படியே கீழே வைக்கலாம். திரும்பி வந்தால் விட்ட கண்ணி அங்கேயே இருக்கும். அந்தச் சிற்பங்களை விளையாட்டு என்று இன்று யாரும் சொல்வதில்லை.

அதே மாதிரி கனடாவின் சிறுகதை எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ. பிள்ளைகள் தூங்கும்போது எழுதியவர் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், ஏதோ தூங்க வைத்தால் நோபல் வந்துவிடும் என்பது போல. முதல் தொகுப்பு 1968இல் வந்தபோது அவருக்கு 37 வயது. நோபல் 2013இல். நடுவில் உள்ள வருடங்களை யாரும் சொல்வதில்லை.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது வேறொருத்தி. பிரெஞ்சு ஓவியர் பெர்த் மோரிசோ 1872இல் வரைந்த 'தொட்டில்' ஓவியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெல்லிய வலைத் துணிக்குப் பின்னால் தூங்கும் குழந்தை, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. அந்த அம்மா மோரிசோவின் அக்கா எட்மா. அக்காவும் தங்கையும் ஒன்றாகவே ஓவியம் கற்றவர்கள். கல்யாணத்துக்குப் பின் எட்மா ஓவியத்தை விட்டுவிட்டார். இது தெரிந்த பின் அந்தக் கன்னத்தில் இருக்கும் கையை என்னால் தாய்மை என்று மட்டும் பார்க்க முடியவில்லை. என் கற்பனையாகவும் இருக்கலாம், வெறும் தூக்கக் கலக்கமாகக்கூட இருக்கும். மோரிசோவும் பிறகு ஒரு மகளைப் பெற்றார், அவளை மாடலாக உட்கார வைத்து வரைந்துகொண்டே இருந்தார். ஆனால் அது வசதியான வீடு, வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பகுதியை மறைத்துவிட்டு 'அவரால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு. அதில் பேலட், இரண்டு பிரஷ், மூடி போட்ட டப்பாவில் தண்ணீர், அஞ்சலட்டை அளவில் முன்பே வெட்டி டேப் ஒட்டிய தாள்கள். தட்டு பீரோ மேலே இருக்கும். இறக்கினால் வேலை ஆரம்பம், ஏற்றினால் முடிந்தது. அந்த இருபத்தைந்து நிமிட ஆயத்தம் இப்படித்தான் ஒழிந்தது. அப்புறம், எழுந்திருக்கும் முன் டேப்பின் மேல் பென்சிலால் ஒரு வரி எழுதிவிடுவேன்: 'அடுத்து இடது மரத்தின் நிழல், ஊதா'. இரண்டு நாள் கழித்து உட்கார்ந்தாலும் தாளைப் பார்த்து முழிக்க வேண்டியதில்லை. தலை மறந்துவிட்டிருக்கும், டேப்பில் இருக்கும்.

வரைகிறவள் என்று வெளியே தெரிந்தால் வேறு ஒரு தொல்லை வரும், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்குச் செய்தி. நாளைக் காலை சூரியக் குடும்பத்தின் மாதிரி கொண்டு வர வேண்டுமாம். ஏழு வயதுப் பிள்ளை தெர்மோகோலை வெட்டி, எட்டுக் கிரகத்துக்கும் கலர் பூசி, கம்பியில் மாட்டிக் கொண்டு வருவாள் என்று அவர்களே நம்புவதில்லை. அம்மா செய்வாள் என்று தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு "உங்கள் அம்மா நன்றாக வரைவாராமே, வகுப்புக்கும் சேர்த்து ஒரு சார்ட்" என்று பிள்ளையிடமே சொல்லி அனுப்புகிறார்கள். சனி கிரகத்தின் வளையத்தை இரவு பன்னிரண்டரைக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முதல் பரிசு வேறு! யாருக்குக் கொடுத்தார்கள் அந்தப் பரிசை, எனக்கா? பிள்ளை கோணல்மாணலாகச் செய்ததை ஏன் ஒரு தடவையாவது அப்படியே மாட்டி வைக்கக் கூடாது என்று கேட்டேன். சிரித்தார்கள். ஆசிரியர்களின் வேலைப்பளு எனக்கும் தெரியும், அவர்களைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறை சொல்கிறேன்தான்.

கணவரைப் பற்றிக் கேட்பீர்கள். நல்லவர். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவார். ஆனால் திரும்பி வந்ததும் "என்ன வரைந்தாய், காட்டு" என்பார். ஆசையாகத்தான் கேட்கிறார். எனக்கு அது மேஸ்திரி வந்து சுவரை அளப்பது போல இருந்தது. கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது, அவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்.

எத்தனை மணி நேரம் என்றுதானே கேட்டீர்கள். போன வாரத்தை டேப்பின் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். திங்கள் 20 நிமிடம். செவ்வாய் 10. புதன் ஒன்றுமில்லை, மகனுக்குக் காய்ச்சல். வியாழன் 15. வெள்ளியும் ஒன்றுமில்லை, மகளுக்குப் பேன் பார்த்தேன். சனி 5, அதுவும் பிரஷ் கழுவியதுதான். ஞாயிறு 40, அதில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மொத்தம் 90. படத்தில் வானம் முடிந்துவிட்டது, வலது மரத்துக்கு இன்னும் இலை போடவில்லை.