கத்தி பிளேடில் பட்டறை முத்திரையைக் கரண்ட் வைத்துப் பொறிப்பது எப்படி?

ஆம்பூரில் தோல் வெட்டும் கத்தி செய்கிறேன், பஞ்ச் அடித்தால் பிளேடு விரிசல் விடுகிறது, முத்திரைக்கு வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கிய இரும்பில் பஞ்ச் அடிக்கவே கூடாது, உப்புத் தண்ணீரும் 12 வோல்ட் டிசி அடாப்டரும் போதும்.

வேலூரில் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் முத்திரையை வினைல் ஸ்டிக்கரில், எழுத்து இருக்கும் இடம் மட்டும் ஓட்டையாக வரும்படி வெட்டி வாங்குங்கள். பாலிஷ் முடிந்த பிளேடை அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், விரல் எண்ணெய் இருந்தால் ஓரத்தில் தண்ணீர் புகுந்து எழுத்து கலங்கிவிடும். சுற்றிலும் டேப். பாசிட்டிவ் வயர் பிளேடில், நெகட்டிவ் வயரின் கிளிப்பில் உப்புத் தண்ணீர் நனைத்த பஞ்சு. கிளிப் பிளேடில் படவே கூடாது. பஞ்சை எழுத்தின் மேல் நாலைந்து விநாடி வைத்து எடுங்கள், நுரைத்துப் பஞ்சு கறுக்கும், மாற்றிவிட்டு மறுபடி வையுங்கள், ஒரேயடியாக அழுத்தினால் சூட்டில் ஸ்டிக்கர் கிளம்பிவிடும்.

டிசி பள்ளம் எடுக்கும். எழுத்து கறுப்பாக வேண்டுமென்றால் அப்புறம் சில விநாடி ஏசி கரண்ட், அதுவும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலிருந்து மட்டும், வீட்டு லைனைத் தொடாதீர்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் புகையும் அழுக்குத் தண்ணீரும் கூடுதல் நச்சு, கையுறை போட்டுத் திறந்தவெளியில் செய்யுங்கள்.