தடிக் காசில் ஓடும் கார்

கேள்வி: பதினோரு வருடமாகச் சின்னதாக ஒரு மர அறுவை மில் நடத்துகிறேன். ஒரு பேண்ட்சா (பட்டை ரம்பம்), நாலு ஆட்கள். பலகை கொண்டுபோய்க் கொடுக்க மின்சார லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். மின்சாரக் கார் ஒன்றும் இருக்கிறது. என் பெயரில் கடன் எடுத்ததுதான், ஆனால் பெரும்பாலும் மைத்துனர்தான் ஓட்டுகிறார். இரண்டுக்கும் 22 மாதமாகத் தவணை கட்டிவருகிறேன். டீசல், பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை கழிந்துவிடும் என்றுதான் வாங்கினேன். ஆனால் கையில் காசு நிற்கவில்லை. களத்தில் தடியும், அதாவது அறுக்க வாங்கிவைக்கும் மரமும், குறைந்துவிட்டது. மொத்தமாக வாங்க முடியாமல் சில்லறையாக வாங்குகிறேன், அதில் நூற்றுக்கு 8 கூடுதலாகப் போகிறது. லோடு ஏற்றினால் வண்டிக்கு சார்ஜ் போதவில்லை. கொஞ்சம் முன்பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். மர இருப்பின் மேல் வாங்கியிருக்கும் கடனோடு இன்னும் கொஞ்சம் டாப்-அப் எடுத்து, பெரிய மின்சார வண்டியாக மாற்றிவிடலாம் என்கிறார் மைத்துனர். கூரையில் சோலார் போட்டால் மின்கட்டணமே வராதாம். செய்யலாமா? கணக்குத் தாளும் கரன்ட் பில் நகலும் இணைத்திருக்கிறேன். பெயரும் தொகையும் வெளியிட வேண்டாம்.

பதில்: வெளியிடவில்லை. உங்கள் ஒரு மாத விற்பனையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறேன். கணக்குத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மில் நடத்துவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மின்சார வண்டி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றமும் இங்கே தேவையில்லை. லோடு வண்டி வாங்கியது சரியான முடிவுதான். நீங்கள் கேட்கும் மூன்று கேள்விக்கும், அதாவது பெரிய வண்டி, டாப்-அப், சோலார் மூன்றுக்கும், இப்போதைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. காரணம் உங்கள் தாளின் இரண்டாம் பக்கத்தில், கீழிருந்து நாலாவது வரியில் இருக்கிறது. "தவணைக்குக் குறைந்தது, தடிக் கணக்கிலிருந்து எடுத்தது." இந்த வரி ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்திருக்கிறது.

விற்பனை 100. தடி வாங்க 50, கூலி 17, கரன்ட் 8, பிளேடு, சாணை, ரிப்பேர் 4, வாடகையும் மற்றதும் 7. மொத்தம் 86. மிச்சம் 14. வீட்டுச் செலவு 9 போக 5 நிற்கிறது. லோடு வண்டித் தவணை 4, கார் தவணை 4, ஆக 8. மாதம் 3 துண்டு விழுகிறது. அந்த 3-ஐத்தான் தடிக் காசிலிருந்து எடுக்கிறீர்கள். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் 22 மாதத்துக்கு 66. நீங்கள் மாதம் வாங்கும் தடியே 50 தான். ஆக, ஒரு மாதத்துக்கும் மேலான தடி உங்கள் களத்திலிருந்து கிளம்பித் தவணையாகப் போய்விட்டது. களம் ஏன் காலியாகிறது என்று கேட்டீர்களே, மரம் எங்கேயும் காணாமல் போகவில்லை.

"டீசல் மிச்சம் மாதம் 5 வருகிறதே" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த 5 இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நீங்கள் துணிந்து தடிக் கணக்கில் கை வைக்கிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். லோடு வண்டியில் மிச்சம் 2.5, இது உண்மை. ஆனால் மேலே போட்ட 86-ல் டீசல் என்று ஒரு வரியே இல்லை, கவனியுங்கள். அந்த மிச்சம் ஏற்கெனவே 14-க்குள் கலந்துவிட்டது. அதையே எடுத்துத் தவணைக்கு எதிராக மறுபடி கழிக்கிறீர்கள். கார் கதை வேறு. அந்தக் கார் வருவதற்கு முன்பு மைத்துனர் தன் பழைய வண்டிக்குத் தன் காசில்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். அதில் மிச்சமான 2.5 அவருக்கு மிச்சம். உங்களுக்கு வந்ததெல்லாம் தவணையும், அந்தக் காரை மில்லில் சார்ஜ் போடுவதால் கரன்ட் பில்லில் ஏறிய 1-உம்தான்.

அந்த ஏறிய தொகையை பில் நகலிலேயே பார்த்தேன். யூனிட் கட்டணத்துக்கு மேலே, உச்சத் தேவைக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. கார் வருவதற்கு முன்பு 14 கிலோவாட், இப்போது 21. உங்கள் பேண்ட்சா மோட்டார் 20 ஹெச்.பி., அதாவது சுமார் 15 கிலோவாட். கார் சார்ஜர் 7. மைத்துனர் பகலில் வந்து, தடி அறுபட்டுக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைச் சொருகிவிட்டு டீ குடிக்கப் போகிறார். இந்த மாதிரி இணைப்புகளில் மாதம் முழுவதும் எவ்வளவு எடுத்தீர்கள் என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்த மாதத்தில் ஏதோ ஒரு கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தீர்கள் என்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. மாதத்தில் ஒரே ஒரு மதியம் இரண்டும் சேர்ந்து ஓடினால் போதும், அந்த மாத பில்லில் 21 ஏறிவிடும். லோடு வண்டியை நீங்கள் ராத்திரி மில் நின்ற பிறகுதான் சார்ஜ் போடுகிறீர்கள். அதே ஒழுங்கு காருக்கும் வரட்டும், நாளையிலிருந்தே. சார்ஜர் அறுவைக் கொட்டகைக்குள் இருந்தால் வெளியே மாற்றிவிடுங்கள். மரத்தூள் பறக்கிற இடத்தில் சூடாகும் பிளக் இருக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, தடிக் காசு குறைந்ததால் வந்த நஷ்டத்துக்கு வருகிறேன். துண்டு விழும் 3-ஐ விட இது பெரிது.

மொத்தமாக வாங்கினால் ஒரு விலை, சில்லறைக்கு நூற்றுக்கு 8 கூடுதல் என்கிறீர்கள். தடிக்குப் போகும் 50-ல் ஏறக்குறைய 4 அந்த வகையில் போகிறது. கார் தவணை எவ்வளவு? அதுவும் 4. காருக்கு நீங்கள் மாதம் இரண்டு தவணை கட்டுகிறீர்கள், ஒன்று கடன் கொடுத்தவருக்கு, இன்னொன்று தடி வியாபாரிக்கு.

இதோடு முடியவில்லை. களத்தில் இருப்பு இல்லாததால், அறுத்த பலகையைக் காய விடாமல் பச்சையாகவே விற்கிறீர்கள். வலுவான மரம் ஓர் அங்குலக் கனத்துக்குக் காற்றில் காய ஏறக்குறைய ஒரு வருடம் கேட்கும் என்பது தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. அவ்வளவு நாள் காசை முடக்கி வைக்கத்தான் தடிக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. இந்த வருடம் மூன்று பேர் பலகை கோணிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்ததாக எழுதி, மரத்தின் தரம் முன்புபோல் இல்லை என்று அலுத்துக்கொள்கிறீர்கள். மரத்தின் மேல் பழி போடாதீர்கள். நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அடுக்கி, முனைகளுக்குப் பெயின்ட் அடித்து நிழலில் விட்டிருந்தால் அதே மரம் நேராக நின்றிருக்கும். பிளேடு விஷயமும் இப்படித்தான். சாணைக்கு அனுப்பும் செலவைத் தள்ளிப்போட்டு மழுங்கின பிளேடையே ஓட்டினால் அறுப்பு அலை அலையாக வரும், மோட்டாரும் கூடுதலாகக் கரன்ட் இழுக்கும்.

இப்போது அந்த "சார்ஜ் போதவில்லை". இதை வைத்துத்தானே பெரிய வண்டி கேட்கிறீர்கள். அப்போதுதான் அறுத்த பலகையில், காய்ந்த மரத்தின் எடை 100 கிலோ என்றால் தண்ணீர் 60, 70 கிலோ சர்வ சாதாரணமாக இருக்கும், சில மரங்களில் இன்னும் அதிகம். காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகு அது 15, 20-க்கு இறங்கிவிடும். ஆகவே ஒரு டன் பச்சைப் பலகை ஏற்றினால் அதில் கிட்டத்தட்ட 300 கிலோ, காய வைத்திருந்தால் ஏற்றவே தேவையில்லாத தண்ணீர். எடை கூடினால் மின்சார வண்டி ஓடும் தூரம் குறையும். நீங்கள் பேட்டரியைச் செலவழித்து ஊர் ஊராகத் தண்ணீர் கொண்டுபோகிறீர்கள். அதற்குப் பெரிய வண்டி வாங்கினால் இன்னும் அதிகமாகத் தண்ணீர் கொண்டுபோகலாம், அவ்வளவுதான்.

வண்டி விற்பவர் காட்டிய திட்டத்தையும் பார்த்தேன். "வட்டி வெறும் 10 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில் அது ஃப்ளாட் வட்டி என்று இருக்கிறது. 100 ரூபாய் கடன் வாங்கினால் ஐந்து வருடத்துக்கு வட்டி 50, மொத்தம் 150, மாதம் 2.5. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், வட்டி மட்டும் முழு 100-க்கும் கடைசி மாதம் வரை ஓடும். குறையும் பாக்கிக்கு வட்டி என்று கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் இப்போதைய கார் கடனும் இதே ரகம்தான். இன்னொரு தாளில் இருக்கும் "குறைந்த தவணை, முடிவில் ஒரே பெரிய தொகை" என்ற திட்டம் இதைவிட மோசம். முடிவில் அந்தப் பெரிய தொகை கையில் இருக்காது, அப்போது இன்னொரு புது வண்டியை நீட்டுவார்கள். டாப்-அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் மேல் வாங்கும் கடன் மரம் வாங்கத்தான். அதில் வண்டி வாங்கினால், 22 மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததை ஒரே நாளில் செய்ததாக ஆகும்.

சோலார் மேல் எனக்குப் பகை இல்லை. பகலில் ஓடும் மில்லுக்கு அது பொருந்தவே செய்யும். ஆனால் "பில்லே வராது" என்பது விற்பவர் பேச்சு. மாதத்தில் ஒரு மேகமூட்டமான அரை மணி போதும், உச்சத் தேவைக் கட்டணம் பழையபடி வந்துவிடும். மரத்தூள் படியும் கூரை என்றால் தகடுகளை அடிக்கடி கழுவவும் வேண்டும். களம் நிரம்பட்டும், அப்புறம் பேசலாம்.

காரை என்ன செய்வது? கட்ட வேண்டிய தவணை இன்னும் 38 இருக்கிறது. 38-ஐ 4-ஆல் பெருக்கினால் 152. இன்று கடனை அடைக்கச் சுமார் 116 வேண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. காருக்கு 95 கிடைக்கும் என்று விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். இடைவெளி 21. பெரிய வண்டிக்கு முன்பணமாக நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது 25. அதை எடுத்து இந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள், மீதி 4-ஐத் தடிக் கணக்கில் போடுங்கள். தவணையில் 4, கரன்டில் 1 குறையும். மாதம் 3 துண்டு விழுந்த இடத்தில் 2 மிஞ்சும். இரண்டு வருடம் பொறுத்தால் ஒரு மாதத் தடி களத்துக்குத் திரும்பிவிடும். பழையபடி மொத்தமாக வாங்க ஆரம்பித்தீர்களானால் அந்த 8 சதவீதமும் கையிலேயே நிற்கும், இன்னும் சீக்கிரமே நிரம்பும்.

மைத்துனருக்குக் கார் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, தவணையும் சார்ஜும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். "மாதாமாதம் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்" என்ற வாய்ப்பேச்சு மட்டும் வேண்டாம். 22 மாதத்தில் அவர் கொடுத்தது இரண்டே தவணை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவி வருத்தப்படுவாரோ என்று கேட்டிருந்தீர்கள். அவரிடம் முதலில் அந்த 66 என்ற எண்ணைக் காட்டுங்கள், தம்பியிடம் அதற்குப் பிறகு பேசலாம். தம்பி கார் ஓட்டுவது அவருக்குத் தெரியும், அது மில்லின் தடியில் ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனிமேல் விற்பனைக் காசு வந்த அன்றே பாதியைத் தடிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். லோடு வண்டித் தவணை போகும் கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும். அதில் குறைந்தால் அந்த மாதம் வீட்டுச் செலவில் பிடியுங்கள், தடியில் பிடிக்காதீர்கள்.

மைத்துனரைக் கூப்பிடுவதற்கு முன்பு ஒரு வேலை. கடன் கொடுத்த நிறுவனத்திடம், இன்றைய தேதியில் கடனை முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃப்ளாட் வட்டிக் கடனில் சிலர் மீதி மாதங்களின் வட்டியைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள், முன்கூட்டி முடிப்பதற்கு அபராதமும் கேட்பார்கள். அவர்கள் சொல்லும் தொகை 120-க்குள் இருந்தால் உடனே விற்றுவிடுங்கள். 140-ஐத் தொட்டால் விற்க வேண்டாம், அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை சொன்னால் கொஞ்சம் பேரம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.