எல்லோருக்கும் ஒரே விலைக்கழிவு ஏன் உதவாது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை; எல்லாச் சாமானுக்கும் 10% கழிவு போட்டும் இலாபம் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. 80 ரூபாய்க்கு எடுத்ததை 100 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 20. கழிவுக்குப் பிறகு 10. பழைய இலாபம் வரவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். உப்பு மலிந்தது என்று எந்த வீட்டிலும் இரு மடங்கு உப்புச் செலவாகாது.

கடைக்கு வருபவர் ஒவ்வொரு வகையினருக்கும் வேண்டியது வேறு. சாமான் பட்டியலைத் துண்டில் எழுதிக்கொண்டு வருபவருக்கு வேண்டியது வேகம். சீனி, பருப்பு, மாவை 500 கிராம், 1 கிலோ பொதிகளாகக் காலையிலேயே நிறுத்துக் கட்டி வையுங்கள். ஒரு சாமான் இல்லையென்றால் முழுத் துண்டும் அடுத்த கடைக்குப் போய்விடும். இல்லாமல் போனதை அன்றன்றே குறியுங்கள்.

விலை விசாரிப்பவர் மனதில் வைத்திருப்பது சீனி, தேங்காய், பருப்பு என்று ஏழெட்டு விலைகளைத்தான். அவற்றில் மட்டும் குறையுங்கள், மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நீங்கள் தவறவிடக் கூடாது. அவர்கள் விலையை விடப் பொதியைத்தான் கவனிப்பார்கள். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) இரண்டையும் காற்றுப் புகாத தடித்த பையில் அடைத்து, சேர்மானம், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி ஒட்டுங்கள். தூளைச் சூடு ஆறமுன் அடைத்தால் பைக்குள் வியர்த்துக் கட்டிபடும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டே அடைக்க வேண்டும்.

கடன் கொப்பிக்காரருக்குக் கழிவே வேண்டாம். மாத எல்லை ஒன்றை வையுங்கள். முன்னையது தீராமல் புதியது எழுதாதீர்கள்.