அறிவியல் கேள்வி பதில்: கொள்ளளவியும் தூண்டியும்

கேள்வி: நேரோட்டத்தைக் கொள்ளளவி மறிக்கும், தூண்டி விட்டுவிடும் என்று படித்திருக்கிறேன். ஆனால், ஆளியை மூடிய கணத்தில் நடப்பது நேர்மாறானது என்கிறார் ஆசிரியர். எதை எழுதுவது?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: இரண்டும் சரியே. கொள்ளளவி என்பது மின் கடத்தாத காவலியால் பிரிக்கப்பட்ட இரு தகடுகளில் மின்னேற்றத்தைச் சேமிப்பது; தூண்டி என்பது ஒரு கம்பிச் சுருள். நீங்கள் படித்தது எல்லாம் அடங்கிய பின்னுள்ள நிலை. ஆசிரியர் சொல்வது தொடக்கக் கணம். சூத்திரங்களை மனனம் செய்யுமுன் ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: கொள்ளளவிக்குக் குறுக்கேயுள்ள அழுத்தவேறுபாடு சடுதியாக மாறாது, தூண்டியினூடான ஓட்டம் சடுதியாக மாறாது.

பாடசாலை ஆய்வுகூடத்தில் 9 வோல்ற்று பற்றரி, 10 கிலோ ஓம் தடை, ஏற்றமற்ற 1000 மைக்ரோபரட் மின்பகுப்புக் கொள்ளளவி ஆகியவற்றைத் தொடராக இணைத்து, கொள்ளளவிக்குக் குறுக்கே டிஜிற்றல் மல்ரிமீற்றரை வையுங்கள். (இந்த வகைக் கொள்ளளவியின் நேர், மறை முனைகளை மாற்றி இணைக்கவே கூடாது.) ஆளியை மூடியதும் கொள்ளளவியின் அழுத்தம் பூச்சியமாகவே இருப்பதால், 9 வோல்ற்றும் தடைக்குக் குறுக்கே விழுந்து 0.9 மில்லி அம்பியர் பாய்கிறது. தகடுகளுக்கிடையே உள்ள காவலியை எந்த ஏற்றமும் கடப்பதில்லை. ஒரு தகட்டில் சேரும் அளவு மற்றத் தகட்டிலிருந்து வெளியேறுவதால்தான் சுற்றில் ஓட்டம் காணப்படுகிறது. தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் 10 செக்கன் வரும். அந்த நேரத்தில் மீற்றர் ஏறத்தாழ 5.7 வோல்ற்று, அதாவது 63 வீதம், காட்டும். 50 செக்கன் ஆகும்போது ஓட்டம் அநேகமாக நின்றுவிடும்.

தூண்டியில் தொடக்க ஓட்டம் பூச்சியம்; ஓட்ட மாற்றத்தை எதிர்த்துச் சுருளில் எழும் பின் மின்னியக்கவிசை அதை மெல்லவே வளர விடுகிறது. நிலைபெற்றபின் சுருளின் கம்பித் தடை மட்டுமே மிஞ்சும். அந்த ஓட்டத்தைத் திடீரென அறுத்தால், அதைத் தொடரச் செய்யும் முயற்சியில் சுருள் பேரழுத்தத்தை உண்டாக்கும். பழைய குழாய் விளக்கில் ஸ்ராட்டர் திறக்கும் கணத்தில் சோக் எனும் தூண்டி விளக்கைப் பற்றவைப்பது இதனால்தான்.

திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டத்தில் கொள்ளளவி மாறி மாறி ஏற்றப்படுவதால் ஓட்டம் நிற்பதில்லை. மீடிறன் (ஒரு செக்கனில் ஓட்டம் ஊசலாடும் தடவைகள்) இருமடங்கானால் கொள்ளளவி காட்டும் எதிர்ப்பு பாதியாகும், தூண்டி காட்டுவது இருமடங்காகும்.

கேள்வி: எங்கள் சீலிங் ஃபேன் உறுமுகிறது, ஆனால் சுற்றுவதில்லை, தள்ளிவிட்டால் சுற்றுகிறது. கன்டென்சரை மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீசியன். அதற்கும் சுற்றுவதற்கும் என்ன தொடர்பு?
– வாசகர், கல்முனை

பதில்: கன்டென்சர் என்பது மேலே சொன்ன கொள்ளளவியே. ஒற்றை அவத்தை (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரம் ஒரு சுருளில் உண்டாக்கும் காந்தப்புலம் கூடிக் குறைந்து திசை மாறுமே தவிர, சுழலாது. ஆகவே நின்ற மோட்டார் தானாகப் புறப்படாது. இதற்காகவே இரண்டாவது சுருளுக்குத் தொடராகக் கொள்ளளவியை இணைத்து, அதன் ஓட்டத்தை முதற்சுருளின் ஓட்டத்துக்கு முந்தச் செய்கிறார்கள். இரு புலங்களும் சேர்ந்து சுழலும் புலமாகின்றன. கொள்ளளவி பழுதானால் அந்த முந்தல் போய்விடும். எனவே அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; ஆனாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் பழுது பெயரிங்கில்தான். புதிதாக வாங்கும் கொள்ளளவியில் மைக்ரோபரட் அளவு பழையதில் அச்சிட்டுள்ளதே இருக்க வேண்டும். வோல்ற்று அளவு அதைவிடக் குறையக் கூடாது. கழற்றும்போது பிரதான ஆளியை நிறுத்துங்கள். அதன் பின்பும் கொள்ளளவியில் ஏற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், வெறுங்கையால் அதன் முனைகளைத் தொடாதீர்கள்.